சாமுராய் சாகும் இடத்தில் என் குறிப்பு

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. நேரில் வந்தால் எனக்குப் பேச்சே வராது, அதனால் எழுதுகிறேன்.

அந்த ஜப்பானியப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியது நான்தான். செய்த கொலைகளுக்குப் பரிகாரமாக, ஊரைக் காப்பாற்ற அந்தச் சாமுராய் தனியாகப் போய் வெட்டுப்படுகிறானே, அந்த இடத்தில் எனக்காகப் போட்டுவைத்த குறிப்பை அழிக்க மறந்துவிட்டேன். 'லூசு மாதிரி ஏன் போய் சாகறான்? புரியல.' முன்னோட்டக் காட்சியில் அது திரையில் வந்ததும் தியேட்டரே சிரித்தது.

நம் ஆபீஸ் மேனேஜர் கத்தியபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "அது நான் எழுதினது சார். அவளைத் திட்டாதீங்க." அன்றே உங்கள் வேலை போயிற்று. படிக்கட்டில் ஓடிவந்து ஏன் என்று கேட்டேன். "உங்க வீட்லயே முதல் பட்டதாரி நீ. எனக்கென்னடி, வேற எடமா இல்ல?" என்று சிரித்தீர்கள்.

நன்றி சொல்வதா, கோபப்படுவதா? தெரியவில்லை. இதுவரை ஒன்பது சாமுராய் படங்களுக்கு எழுதியிருக்கிறேன். செத்தவனுக்காக எல்லோரும் அழுகிறார்கள். பிழைத்தவள் மறுநாள் எப்படிச் சாப்பிட்டாள் என்று ஒரு படத்திலும் இல்லை.

நேற்று மேனேஜர் உங்கள் வேலையை எனக்கே கொடுத்தார். தலையாட்டிவிட்டேன், அக்கா.

இன்று காலை போய் உண்மையைச் சொன்னேன். "அவங்களும் நான்தாங்கறாங்க, நீயும் நான்தாங்கற. ரெண்டு பேருக்கும் வேலை வேணாமா?" என்றார். வெள்ளிக்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வாருங்கள். அங்கே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி