கோட்டின் இடது தோள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், தையல் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை, கொஞ்சம் எண்ணெய் விட்டால் தேறிவிடும். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுபோலப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது? இப்போது பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். பட்டன் கடைக்காரரோடு ஊர்க்கதை பேசித் தீர்க்காமல் வரமாட்டார், அதற்குள் முடித்துவிடுவேன். பாப்பா நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கித் தெரிகிறது, டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் அந்தப் போட்டோ விஷயம்.

தேசிய நாள் விழா மேடையில் சல்யூட் அடித்தபடி நிற்கிற ஒரு மனிதனின் தோளுக்குப் பின்னால் அப்பா வாயை வைத்து நூலைக் கடிக்கிற போட்டோவை யாரோ வேலை மெனக்கெட்டு உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ அழுதாய், அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா, நான் வந்து கூட்டிக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த விழா நாள் வரைக்கும் எனக்கும் அதே பயம்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பதறாமல் படி.

போட்டோவில் இருப்பது நம் தடியன். உன் அண்ணனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் இவனும் கூடவே வந்து நம் கூடத்தில் படுத்துக்கொள்வான், அவன் படுத்தால் வாசல் கதவைத் திறக்க முடியாது என்று நீ சண்டை போடுவாயே, அவனேதான். தடியன் என்று பெயர் வைத்தது உன் அண்ணன். இரண்டு பேரும் கடைசியாகக் கிளம்பியபோது, நான் பார்த்துக்கறேம்மா, பத்திரமா கூட்டிட்டு வந்துடறேன் என்று என்னிடம் சொன்னது அவன். உன் அண்ணன் உடலை வைத்த பெட்டியோடு வந்து இறங்கியதும் அவன்தான். அதற்கப்புறம் நம் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. இந்த வருஷம் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்துவிட்டான். விழாவில் எல்லா வீரர்கள் சார்பாகவும் மேடையில் நின்று கொடிக்கு வணக்கம் வைக்க வேண்டும் என்று முன்னாள் வீரர் சங்கத்தில் அவனைச் சொல்லியிருக்கிறார்கள். நம் தையல் கடை வாசலில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். அப்பா கையால தைச்ச கோட்டுதான் போடணும்னு இருக்கேம்மா, அப்பா தையலோட பெருமையை அவன் பேசாத நாளே கிடையாது, வேண்டாம்னா போயிடறேன் என்றான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவனை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

உனக்குத் தெரியாததா, உன் அண்ணன் போனதிலிருந்து அப்பா அவன் பேச்சையே எடுத்ததில்லை. தேசிய நாள் வந்தால் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். வருஷா வருஷம் சங்கத்திலிருந்து வந்து மேடைக்குக் கூப்பிடுவார்கள், இவர் மாட்டேன் என்று தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். நான் மட்டும் போய்க் கடைசி வரிசையில் நிற்பேன். எனக்கும் அந்த மைக்கில் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான். நாட்டுக்குப் பிள்ளையைத் தந்த தாய் என்பார்கள். நான் எங்கே தந்தேன், அவன் ஆசைப்பட்டுப் போனான், திரும்பி வரவில்லை. வந்திருக்கிற பெரிய மனிதர்களுக்குப் பந்தல் நிழல், கால் போன கிழவர்களுக்கு வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி. இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கொடி ஏறும்போது மைதானமே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பார், அந்த ஒரு நிமிஷம் ஊரே என் பிள்ளைக்காக நிற்பதுபோல இருக்கும். அதற்காகப் போவேன்.

கோட்டுக்கு வருகிறேன். அப்பா துணியை வெட்டிய விதத்திலேயே எனக்கு என்னவோபோல இருந்தது. பேசிக்கொண்டே வெட்டினார். என்னோடு இல்லை. கண்ணாடியைப் பார்த்து, நேரா நில்லு, கையைக் கொஞ்சம் தூக்கு என்கிறார். கண்ணாடிக்கு முன்னால் யாருமே இல்லை. பட்டப்பகல், தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது, ஜனங்கள் குடத்தை உருட்டிக்கொண்டு போகிறார்கள், இவர் பாட்டுக்கு ஆளில்லாத கண்ணாடியிடம் கையைத் தூக்கு என்கிறார். யாரைச் சொல்றீங்க என்று கேட்டேன். சும்மா இரு, அளவு தப்பிடும் என்றார். பிறகு உள்ளே லைனிங் துணி வைத்து ஓரத்தை மடித்து ஹெம்மிங் பண்ணச் சொல்லிக் கோட்டை என்னிடம் தந்தார். தோளில் கை வைத்ததும் அப்படியே நிறுத்திவிட்டேன். இடது தோளில் பஞ்சு ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தது.

உன் அண்ணனுக்கு இடது தோள் சின்ன வயசிலிருந்தே இறக்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தராசு என்று கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தான், அன்றையிலிருந்து அவனுக்குத் தைக்கிற எந்தச் சட்டையானாலும் கோட்டானாலும் இடது தோளில் அப்பா கூடுதலாக ஒரு அடுக்கு வைத்துச் சமப்படுத்திவிடுவார். வெளியே யாருக்கும் தெரியாது. மெஷினுக்கு முன்னால் அவர், பக்கத்தில் நான், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. தடியனுக்கு இரண்டு தோளும் அலமாரிப் பலகை மாதிரி நேராக இருக்கும். பயந்துகொண்டே முதுகை அளந்து பார்த்தேன். குறுகல். கை நீளம் அதிகம். அவர் தைத்திருந்தது தடியனுக்கு இல்லை. இருக்கிற ஒருவனை நிற்க வைத்து அளந்துவிட்டு இல்லாதவனுக்குத் தைத்திருக்கிறார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மனுஷன் உடைந்துபோய்விடுவார், சொல்லாவிட்டால் இப்படியே கண்ணாடியோடு பேசிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விடுவார், இரண்டில் எது நல்லது என்று தெரியாமல் அந்தக் கோட்டுக்குப் பட்டன் தைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் தடியன் வந்து போட்டுப் பார்த்தான். முதுகு இழுத்துப் பிடித்தது, கை விரல் வரைக்கும் இறங்கியது, இடது தோள் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. அவன் கண்ணாடியில் அந்தத் தோளையே பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மாற்றிக்கொடுக்கச் சொல்வான் என்று நினைத்தேன், சொல்ல வேண்டாம் என்பதுபோல எனக்கு லேசாகத் தலையசைத்துவிட்டு, அளவெடுத்த மாதிரி இருக்குப்பா என்றான். அப்பா கண்ணாடியைப் பார்த்து, இப்பதான் சரியா இருக்கு என்றார். அந்த முகத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. நாளைக்கு நானும் வரேன், என் கோட்டு மேடை ஏறுதுல்ல என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

காலையில் கிளம்பும்போது நான் ஒரு காரியம் செய்தேன். அப்பாவுக்குக் கண்ணில் சதை வளர்ந்ததிலிருந்து ஊசியில் நூல் கோர்ப்பது நான்தான் என்று உனக்குத் தெரியும். கோட்டு நிறத்தில் நூல் கோர்த்த ஊசி ஒன்றை அவர் சட்டைக் காலருக்குள் குத்திவிட்டேன். எதுக்கு என்றார். இருக்கட்டும் என்றேன். முதல் வரிசையிலேயே எங்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். கொடி ஏறியது, மைதானம் அடங்கியது, தடியன் விறைத்து நின்று வலது கையைத் தூக்கினான். டர்ரென்று அக்குளிலிருந்து முதுகு வரைக்கும் தையல் விட்டுப்போயிற்று. பக்கத்தில் மைக் இருந்ததால் அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். தடியன் கையை இறக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வழிய வழிய அப்படியே நின்றான்.

அப்பா எழுந்துவிட்டார். படிக்கட்டில் காவலுக்கு நின்றவர் மறித்தார். சங்கத் தலைவர், விடுப்பா, பையனோட அப்பா என்றார். மேடைக்குப் போய் காலரிலிருந்து ஊசியை எடுத்து, தூக்கிய கை தூக்கியபடி இருக்க அப்பா அந்தக் கிழிசலைத் தைத்தார். தைத்துவிட்டு நூலைக் கடித்தார், அதைத்தான் நீ போட்டோவில் பார்த்தாய். கடித்துவிட்டுச் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. இது உன் அளவு இல்லப்பா, என் பையனோட அளவு, தப்பு பண்ணிட்டேன் என்றார். உன் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் சொன்னார். கையில் பேச்சு எழுதிய பேப்பரோடு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் அதற்கப்புறம் எழுந்து பேசவே இல்லை, பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மதியம் தடியன் நம் வீட்டில் சாப்பிட்டான், பழையபடி கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா கோட்டைப் பிரித்து அந்தக் கூடுதல் பஞ்சை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவனிடம் கேட்டார், உங்க யூனிஃபார்ம் நான் தைச்சது இல்லையே, அதுல அவனுக்குத் தோள் இறக்கம் தெரியுமா, யாராவது கேலி பண்ணுவாங்களா என்று. இத்தனை வருஷமும் இவர் மனசை இதுதான் அரித்திருக்கிறது பார். தடியன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டான். நல்லாத் தெரியும்பா, ராத்திரியில விளக்கு இல்லாம வரிசையா நடக்கும்போது முன்னால போறது யாருன்னே தெரியாது, அவன் தோள் ஒண்ணுதான் அடையாளம், அந்த இறங்கின தோளைப் பார்த்துக்கிட்டேதான் நாங்க அத்தனை பேரும் பின்னால நடப்போம், அதனாலதான் அவனை முன்னால விடுவோம், அன்னைக்கும் அவன்தான் முன்னால போனான் என்றான். சொல்லிவிட்டு அப்பா மடியில் தலையை வைத்துக் குழந்தைபோல அழுதான். அப்பா அவன் முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே, முதுகு இவ்ளோ அகலம், நான் ஒரு முட்டாள் என்றார். அழுதுகொண்டே சிரித்தோம்.

இப்போது கண்ணாடியோடு பேசுவதில்லை. உன் அண்ணனைப் பற்றி என்னோடு பேசுகிறார், சில நாள் நிறுத்துவதே இல்லை, காது வலிக்கிறது. நீ வந்து கூட்டிப்போக வேண்டாம், லீவுக்கு வந்தால் போதும். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே, இருமல் விட்டதா என்று எழுது. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

பாப்பா தோளுக்கு வருகிறேன் என்றேனே. நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அளவை மட்டும் அனுப்பச் சொல்லு, கவுன் தைக்கிறேன் என்றார். அதற்குத்தான் பட்டன் வாங்கப் போயிருக்கிறார். தோளில் பஞ்சு வைப்பீர்களா என்று கேட்டேன். வைக்க மாட்டேன், கூட்டத்துல எங்க நின்னாலும் நம்ம பிள்ளைன்னு தெரியட்டும் என்றார். மறக்காமல் அளவு அனுப்பு, இரண்டு தோளையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா