எலி தின்ற அரிசி

பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே குளிரிலும் வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழுசாக எழுத மனசு வரவில்லை. இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் உன் அம்மா காதில் விழும், அதனால் அச்சகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் என்ன இப்படி ஒடுங்கலாக இருக்கிறது என்று பார்க்காதே, வெட்டி ஒதுக்கிய ஓரத் தாள்.

சர்க்கரை ஏறி என் கால் பெருவிரல் புண் ஆறவில்லை என்று டாக்டரம்மா அரிசி, கோதுமை, கிழங்கு எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்தச் சொன்னது உனக்குத் தெரியும். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதை மட்டும் உன்னிடம் மறைத்தோம். முட்டையாவது சாப்பிடுங்க என்றார், நம் வீட்டில் அது நுழைந்ததே இல்லை, இனிமேலா என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது, கீரை, முட்டைக்கோஸ், தயிர், வேர்க்கடலை, கொஞ்சம் பயறு, எப்போதாவது பனீர். நீ பட்டியல் போட்டு அனுப்பிய பாதாமையும் மற்றதையும் கடையில் பார்த்தோம், பார்த்துவிட்டு வந்தோம். சந்தை மூடுகிற நேரமாகப் போய் வாடிய காலிஃபிளவரை மலிவாக வாங்கி வந்து சோறு மாதிரி துருவி வதக்கிப் போடுவாள் உன் அம்மா. முதல் வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், மூன்றாவது வாரம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். நாள் முழுக்கக் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு கிண்ணம் கோஸ் எந்த மூலைக்கு, ஆனாலும் விரல் வேண்டுமே. இரண்டு சமையல் செய்ய கேஸ் கட்டுபடியாகாது, இனி எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று நான்தான் சட்டம் போட்டேன். உன் தம்பியும் சரி என்றான். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சோற்றை விட்டுவிட்டோம் என்று அச்சகத்தில் பீற்றிக்கொண்டு வேறு திரிந்தேன்.

முன்பே வாங்கிய அரிசி டப்பா நிறைய இருந்தது, யாராவது வந்தால் ஆகும் என்று மூலையில் வைத்திருந்தோம். ஒரு நாள் எதையோ தேடப்போய் அதைத் திறந்தால் பாதிக்கு இறங்கியிருக்கிறது. வந்த கோபத்தில் உன் தம்பிமேல் பாய்ந்தேன், கொரியர் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன் பசி தாங்காமல் ஆக்கித் தின்கிறான் என்று எனக்கு முடிவே ஆகிவிட்டது. நான் தொடவே இல்லப்பா என்றான், நான் நம்பவில்லை, நாலு நாள் என்னோடு பேசவில்லை அவன். உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அவனை எதுக்குத் திட்டுறீங்க, எலி தின்னிருக்கும் என்றாள். நான் பெரிய புத்திசாலி, மறுநாளே எலிப்பொறி வாங்கி வேர்க்கடலையை மாட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். நமக்கே இல்லாத கடலையை எலிக்குக் குடுக்குறீங்களே என்று முணுமுணுத்தாள். பத்து நாள் எழுந்ததும் எழாததுமாகப் பொறியைத்தான் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் விழவில்லை, அரிசி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மூடி போட்ட டப்பாவை எலி எப்படித் திறக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா என்றால், இல்லை.

போன வியாழக்கிழமை மூன்று மாதப் பரிசோதனைக்குப் போனோம். எனக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, புண்ணும் ஆறி வருகிறது, விரலுக்குப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. இதுவரைக்கும் நல்ல சேதிதான். உன் அம்மாவைப் பாராட்டலாம் என்று அவர் திரும்பினால், இவள் கொண்டுபோன பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு நர்சிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன தோன்றியதோ, அவள் விரலிலும் குத்திப் பார்க்கச் சொன்னார். எனக்கு முதன்முதலில் வந்ததைவிட அவளுக்கு அதிகம். என்னம்மா சாப்பிடுறீங்க என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான் டாக்டர் என்றேன். உன் அம்மா தரையைப் பார்த்தபடி, காய் மூணு பேருக்குப் பத்தல, அரிசி சும்மாதான கிடந்துச்சு என்றாள். எங்கள் இருவர் கிண்ணத்தையும் நிரப்பி வேலைக்கு அனுப்பிவிட்டு, தனக்கு அரிசியை வேகவைத்து உப்பும் மோரும் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாள். ராத்திரிக்கும், நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதில் மிஞ்சியதுதான். பொறியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் தினமும் அரிசி அள்ளினேன் என்று வீட்டுக்கு வந்து சொல்லும்போது சிரிப்பு வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாள் ஒரு நூல் பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று ஊருக்கே தெரியும், பக்கத்தில் இருப்பவள் தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. உன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன், விடுங்கப்பா என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான், நான் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னேனே என்று அப்புறம் உன் அம்மாவிடம் அழுதானாம். இப்போது நான்தான் பரிமாறுகிறேன், மூன்று கிண்ணத்திலும் ஒரே அளவு, மூவருக்கும் அரை வயிறு. டாக்டரம்மா அவளுக்கும் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார். பணம் அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை, உன் நிலைமை எனக்குத் தெரியும். மிகவும் அலுப்பாக இருக்கிறது, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா, தம்பிக்குப் போதுகிறதா என்று அவளிடம் கேட்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை, கூடவே இருக்கிற நானே கேட்டதில்லை. இந்த முறை முதலில் நீ என்னம்மா சாப்பிட்டாய் என்று கேள். சாப்பிட்டேன் என்பாள். விடாதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள்.

உன் அப்பா