ஊரை மறுபடி கட்டினால்

அன்பு மகள் தாரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே மெல்போர்னில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய்தானே. போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரத்து மழையில் ஓடை பெருகி, நம் வீட்டுப் பின்பக்க மேடு சரிந்து அடுப்படிச் சுவர் பிளந்துவிட்டது, நாயுடுபுரத்தில் நம் தெருக்காரர்கள் எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மலைச்சாலையும் அடைபட்டதால் பாலும் வரவில்லை, ஆம்பளைகள் யார்மேல் தப்பு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்வீட்டு டீச்சர் தேவசேனா எழுந்து, "சண்டை போட்டது போதுங்க, இந்த ஊர மறுபடி கட்டுறதா இருந்தா எப்பிடிக் கட்டணும், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றாள். டூரிஸ்ட் வேன் ஓட்டும் திருமலைச்சாமிதான் ஆரம்பித்தார், வெளியூர் வண்டியெல்லாம் மலைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும், ஏரியைச் சுற்றி ஜனங்கள் நடந்து போகவேண்டும் என்றார். உங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டதற்கு, "பஸ் ஓட்டிட்டுப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு குழாயில் தினமும் தண்ணீர், ஆஸ்பத்திரியில் எந்நேரமும் டாக்டர் என்று ஆளாளுக்குப் பேச்சு. அப்புறம் அப்பா எழுந்து, "ஓடைக்கு அது வழிய விட்ரணும், என் வீடே அது மேலதான் கெடக்கு" என்றார். அந்த வீட்டைக் கட்ட அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

என்னையும் கேட்டார்கள். எனக்கு ரோடும் தோணவில்லை, பஸ்ஸும் தோணவில்லை. "படிச்ச பிள்ளைக இங்கயே சோலி பாக்குற ஊரா இருக்கணும், என் மக பொழுது சாயுறதுக்குள்ள வெரசா வீட்டுக்கு வந்துரணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மகனைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பியிருக்கும் மணிமேகலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். கோபித்துக்கொள்ளாதே கண்ணு, நாங்கள் வரவில்லை. நேற்று அதிகாரிகள் வந்து, ஓடைமேல் இருந்த வீடுகளுக்குப் பதிலாக மேடு சரியாத சமதளத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி, எத்தனை அறை வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கு ஒன்று போதும் என்றார் அப்பா. நான் விடவில்லை, மகளுக்கும் ஒன்று என்றேன். அவங்க எப்ப வருவாங்க என்று கேட்டார்கள். அது தெரியாதுங்க, அறை இருக்கட்டும் என்று சொன்னேன்.

பழனி ஆண்டவன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, இருமலை அசட்டையாக விடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, அவராகக் கேட்கமாட்டார்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
அழகம்மாள்