பக்கவாட்டில் ஒட்டிய படிகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தப் புழுக்கத்தில் உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் மருமகள் சிகுசா இறந்தபின் அவள் ஆன்மா முதன்முதலாக வீட்டுக்கு வரும் ஒபோன் நாட்களுக்கு என்னால் வர முடியாது, சோதனை ஓடுகிறது என்று எழுதியிருந்தேன். சோதனை நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் படிகத்தில் எலக்ட்ரானின் சுழற்சி அதன் ஓட்டத்தோடு பிணைந்திருக்கிறது. அதனால் காந்தப்புலம் சரியான திசையில் இருந்தால், அது பலமாக இருந்தாலும் கடுங்குளிரில் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். நான் படிகத்தைப் பக்கவாட்டில் ஒட்டிவிட்டேன். லேசான புலத்திலேயே அந்தத் தடையில்லாத ஓட்டம் போய்விட்டது.

கூட வேலை செய்யும் குவபாரா அக்கா சிரித்தார்.

"என்னப்பா, நிக்க வேண்டியதைப் படுக்க வெச்சிருக்கே?"

"திருப்பி ஒட்டிடறேன்க்கா."

"சூடாக்கி, ஒட்டி, மறுபடி குளிர வைக்க ஒரு வாரம் ஆகும். அதை நான் பாத்துக்கறேன். மெஷினைச் சாக்கு சொன்னது போதும், ஊருக்குப் போ."

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

என் கறுப்பு சூட்டை வெயிலில் போடுங்கள். பெல்ட்டும் வேண்டும், பேன்ட் இப்போது இடுப்பில் நிற்காது. அவளுக்கு வீட்டு வழி காட்டும் வெள்ளை விளக்கை வாசலில் கட்டிவிடுங்கள். ஏற்ற மட்டும் வேண்டாம். நான் வந்து ஏற்றுகிறேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

யசுஹிரோ