பிரேக்குக்கு ஒரு நிறம்

மே 11, சனி

மதியம் பீன்ஸ் சூப்பைக் கலக்கிக்கொண்டே திஷோ கேட்கிறான்: "விலி, காரோட பிரேக் காலிப்பருக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்?"

காலிப்பர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. சக்கரத்துக்குள்ளே தட்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்பாம். சக்கரத்தின் இடுக்கு வழியாகக் கொஞ்சம்போல வெளியே தெரியுமாம். இருபது வயதுக்காரர்கள் அதற்குச் சிவப்பு அடித்துக்கொண்டு பெண்கள் நிற்கிற இடமாகப் பார்த்து வண்டியை உறுமவிடுவார்கள். இவனுக்கு ஐம்பத்து மூன்று. காருக்குப் பதினெட்டு. கதவு துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது டேப் ஒட்டிவிட்டு "போதும்" என்றவன் இவன்.

"அதை யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"சும்மாதான்" என்றான்.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் திஷோ எதையும் சும்மா செய்ததில்லை.

மே 12, ஞாயிறு

மூன்றாம் மாடி ஸோர்னிட்சாவிடமும் கேட்டிருக்கிறான். படிக்கட்டில் வைத்து. என்னிடம் கேட்பதற்கு முன்பா, பின்பா?

மே 15, புதன்

கட்டடமே வாக்களிக்கிறது. ரொட்டிக் கடைக்காரர் மஞ்சள் என்கிறார். பக்கத்து கராஜ் தென்ச்சோ அண்ணன் நீலத்தைத் தவிர வேறு நிறமே கிடையாது என்கிறார். "சிவப்பு அடிச்சே, என் கராஜ் பக்கம் வண்டிய நிறுத்தாதே! அந்தச் சிவப்பு ஃபுட்பால் கிளப்புக்காரனுக்கு நான் சிகரெட் பத்தவைக்க நெருப்புகூட குடுக்க மாட்டேன்." ஸோர்னிட்சா சிவப்பு. ஆமாம், அவள் சிவப்புதான் சொல்வாள்.

திஷோ எல்லோர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறான். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வர்னா வரைக்கும் ரயிலை ஓட்டிக்கொண்டு போகிற மனிதன், சோப்பு டப்பா அளவு இரும்புக்கு நிறம் தெரியாமல் தவிக்கிறான்!

தபால் ஆபீஸில் இருபது வருஷம் உட்கார்ந்தவளுக்கு மூக்கு வேலை செய்யும். உறையைத் தொட்டாலே நல்ல செய்தியா, கோர்ட் நோட்டீஸா என்று சொல்லிவிடுவேன். இந்த வசந்தத்தில் கண்டவற்றை எழுதிவைக்கிறேன், பிறகு நானே மறுக்காமல் இருக்க.

பால்கனியில் புகைப்பது இரண்டு மடங்காகிவிட்டது. மாலையில் காரை எடுக்க மறுக்கிறான், ஆனால் கராஜிலேயே கிடக்கிறான். போன வாரம் டியூட்டி முடிந்து வந்தவன் ஒரு காலில் பழுப்பு, ஒரு காலில் பச்சை சாக்ஸ் போட்டிருந்தான். எந்த வீட்டில், எந்த அவசரத்தில் மாட்டிக்கொண்டாய், திஷோ?

ஸோர்னிட்சா ரயில்வே மருத்துவமனையில் நர்ஸ். அவள் கணவன் திஷோவோடு இன்ஜினில் உதவியாளனாக இருந்தவன், நான்கு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டான். நல்லவள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 18, சனி

கராஜ் அலமாரியில் இரண்டு பெயின்ட் டப்பா. இரண்டிலும் காகிதம் உரிக்கப்பட்டிருக்கிறது. உரித்த காகிதம் எங்கள் சமையலறைக் குப்பையில், காபித் தூளுக்கு அடியில், துண்டு துண்டாக! துடைத்து ஒட்டிப் பார்த்தேன். ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை.

டப்பாவின் நிறத்தை எவனாவது மறைப்பானா? கேட்டேன்.

"தானா உரிஞ்சிடுச்சு" என்றான்.

தானாக உரிந்து, தானாக நான்காம் மாடி ஏறி, தானாகக் கிழிந்து, காபித் தூளுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம்.

மே 21, செவ்வாய்

சட்டையை ஊறப்போட எடுத்தேன். சீருடைப் பையில் நான்காக மடித்த காகிதம். எண்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக. 12, 8, 45, 6, 74, 2, 16... இப்படிப் பதினேழு வரி. கடைசி இரண்டு வரியில் மட்டும் எண் இல்லை. "இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்" என்று எழுதியிருக்கிறது.

யாரிடம் சொல்ல? என்னிடமா?

அறை எண்களா, தேதிகளா? எழுபத்து நான்காம் தேதி எந்த மாதத்தில் வருகிறது? போன் நம்பர் என்றால் நீளம் கூடுதல். ஆனால் எழுத்து யாருடையது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஏழுக்கு நடுவில் கோடு, ஆறின் வால் சுருண்டு உள்ளே போகும். பதிவுத் தபால் சீட்டில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஸோர்னிட்சா.

அழவில்லை. எழுதிவைத்துக்கொண்டேன். காகிதத்தைத் திரும்பப் பையில் வைத்தேன். சட்டையை ஊறப்போடவில்லை. அழுக்காகவே போட்டுக்கொள்ளட்டும்.

மே 22, புதன்

அழுதேன்.

மே 24, வெள்ளி

இன்று எழுத்துத் திருநாள், விடுமுறை. ஊரெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். திஷோ "தென்ச்சோ அண்ணனப் பாத்துட்டு வரேன்" என்று இறங்கினான். தென்ச்சோ அண்ணன் கீழே பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார். என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. திஷோ கீழே வரவே இல்லை.

குப்பை வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் நின்றேன். என்னை நானே அப்படிப் பார்த்தால் சிரித்திருப்பேன். கதவுக்குப் பின்னால் ஸோர்னிட்சா:

"இன்னொரு தடவ. கடைசியா."

"வேணாம்மா, போதும். கண்ணு வலிக்குது."

"திஷோ, நாள் இல்ல. ஆறாம் தேதி வந்துடும்."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆறாம் தேதி என்ன? எங்கே போகிறார்கள்? போகட்டுமே. போறவன் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு எங்கிட்ட வந்து பெயின்ட் என்ன கலர்னு கேக்குறே? யாரு ஏறி உக்காரப் போற காருக்கு நான் கலர் சொல்லணும்?

மே 25, சனி

இப்போது நிதானமாக எழுத வேண்டும். 

காலையில் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவைத்துப் பெயின்ட் அடித்தான். இடதுபக்கம் சாப்பாட்டுக்கு முன், வலதுபக்கம் சாப்பாட்டுக்குப் பின். நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டான். தென்ச்சோ அண்ணனும் வந்தார்.

"எப்படி?" என்றான் திஷோ. "சிவப்பேதான் முடிவு பண்ணிட்டேன். ரெண்டு பக்கமும்."

இடதுபக்கம் சிவப்பு. வலதுபக்கம் பச்சை.

என்னைக் கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தென்ச்சோ அண்ணன் முட்டியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! இந்தப் பக்கம் தக்காளி, அந்தப் பக்கம் வெள்ளரிக்கா! சீஸத் துருவிப் போடுடா, சாலட்டாவது சாப்பிடலாம்!"

திஷோவும் சிரித்தான். ஆனால் ஒரு மூச்சு தாமதமாக. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த இரண்டு வாரமாக அதுதானே என் வேலை. அவன் இடது சக்கரத்தைப் பார்த்தான். வலதைப் பார்த்தான். மறுபடி இடதை. அப்புறம் சக்கரத்தை விட்டுவிட்டு தென்ச்சோவின் முகத்தைப் பார்த்தான், எது வெள்ளரிக்காய் என்று அங்கே எழுதியிருக்கும் என்பதுபோல.

"வேடிக்கைக்குத்தான் அண்ணே" என்றான்.

அவர் போனதும் கராஜ் கதவை இழுத்து மூடினேன். "எது பச்சை?" என்று கேட்டேன். இடதுபக்கத்தைக் காட்டினான்.

கடவுளே. அந்த எண்கள். புள்ளிகள் நிறைந்த வட்டத்துக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையில், நிறம் தெரிகிறதா என்று பார்க்க அதைத்தான் காட்டுவார்கள்.

"எப்பலேருந்து?"

"டிசம்பர். நிறமெல்லாம் சாம்பலா வெளுத்துப்போச்சு, விலி. சிக்னல்னா தூரம், மழைன்னு சாக்கு சொல்லிக்கலாம். கைக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரியும்னு நெனச்சேன். அதான் காகிதத்த உரிச்சேன். ஊருல எல்லார்கிட்டயும் கேட்டேன், அவங்களுக்கு என்ன தெரியுதுன்னு."

"அப்போ ரயிலை எப்படி ஓட்டுறே?"

"உதவிக்கு காமென் பக்கத்துல இருக்கான்ல. நிறத்த அவன் மொதல்ல சொல்லட்டும்னு காத்திருப்பேன். அவன் பச்சைன்னா நானும் பச்சை."

"சரக்கு வண்டிக்குத் தனியா போவியே?"

பெயின்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான்.

"திஷோ! தனியா போறப்ப?"

"விளக்கு மேல எரியுதா, கீழ எரியுதான்னு பாத்துப்பேன்."

"ராத்திரியில மேல எது, கீழ எதுடா?"

தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். இரண்டு கையிலும் பெயின்ட், எது எந்த நிறம் என்று அவனுக்குத் தெரியாது. நான் துடைத்துவிட்டேன்.

மே 26, ஞாயிறு

வேறொருத்தி இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். துணியை மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஆறாம் தேதி பரிசோதனை. தானே மருத்துவரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னான். என் தலைமேல் கை வைத்துச் சொன்னான். நம்புகிறேன் என்று சொன்னேன். நம்புகிறேனா?

ஜூன் 2, ஞாயிறு

காகிதம் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. பார்த்தேன்.

ஜூன் 6, வியாழன்

தேறிவிட்டான். முத்திரை, கையெழுத்து, இரண்டு வருஷத்துக்கு.

"வாய் வரைக்கும் வந்துச்சு விலி, சத்தியமா. அந்தம்மா புத்தகத்த விரிச்சு நீட்டுச்சு. பன்னெண்டுன்னுட்டேன். அதுக்கப்புறம் எங்க நிறுத்துறது?"

பதினேழும் சரியாம். கடைசி இரண்டில் ஒன்றும் இல்லை என்று சொன்னானாம்.

ஜூன் 8, சனி

இரண்டு நாளாக ஒரே பேச்சு. ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம்தானாம். இன்ஜினைத் தவிர வேறு என்ன தெரியும் எனக்கு என்கிறான். காமெனோடு மட்டும் போவானாம், தனியாகப் போகமாட்டானாம். டியூட்டிப் பட்டியல் ஒட்டியாகிவிட்டது: திங்கள் இரவு, சரக்கு வண்டி, டேங்கர். தனியாக.

இவன் யாரையாவது மோதினால்? லெவல் கிராஸிங்கில் யார் வீட்டுக் காரோ நின்றால்? இவனே போய்விட்டால்?

ஜூன் 10, திங்கள்

காலை ஏழு மணிக்குச் சொன்னேன்: "நான் டிப்போவுக்குப் போறேன். தடுக்கணும்னா இப்பவே தடு." காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. தலை நிமிரவும் இல்லை.

போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். சட்டைப் பையிலிருந்த அந்த எண்களை என் கையெழுத்தில் பிரதி எடுத்தேன். அசலைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு நீரை ஊற்றினேன். ஸோர்னிட்சாவின் ஏழையும் ஆறையும் இந்த ஊரில் அடையாளம் தெரிந்தவள் நான் மட்டும் இல்லை. மே மாதத்தில் அவளை மனசுக்குள் எத்தனை முறை படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன்!

டிப்போ தலைமைப் பொறியாளர் பெத்கோவாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

"தபால் ஆபீஸ்காரிக்கு மருத்துவப் புத்தகம் எங்கேருந்தும்மா கிடைச்சுது?"

"தபால்லதான்."

காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். அதற்குமேல் கேட்கவில்லை. நான் அங்கே இருக்கும்போதே போனை எடுத்து, இரவு வண்டிக்கு வேறு ஆளைப் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ரயில் பாலத்துக்குக் கீழே, மேலே ஒரு வண்டி கடந்து முடியும்வரை நின்றேன். கட்டியவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

ஜூலை 11, வியாழன்

முப்பத்தோரு நாள். பேச்சு இல்லை. உப்பு வேண்டுமானால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறான். கண் மருத்துவர் நரம்பு பாதிப்பு என்கிறார். சிகரெட்டும், அவன் தம்பி வடிக்கிற பிளம் சாராயமும்தான் காரணமாம். ஊசி போடுகிறார்கள். நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இவை எதுவும் அவன் சொல்லித் தெரிந்ததல்ல. மருந்துச் சீட்டைப் படித்தேன், பெத்கோவா மீதியைச் சொன்னார்.

டிப்போ ஸ்டோரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். நட்டும் போல்ட்டும். அவற்றுக்கு நிறம் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஸோர்னிட்சா வந்தாள். கையில் என் குப்பை வாளி. மே மாதத்திலிருந்து அவளிடமே இருந்திருக்கிறது.

"எம்பேர ஏன் சொல்லல?"

"நீ ஏன் எழுதிக் குடுத்தே?"

"எம்புருஷன பொதைக்குழி வரைக்கும் தோள்ல தூக்கிட்டுப் போனவன், விலி. கேட்டான், குடுத்துட்டேன். அந்த வண்டியில ஏறுறவங்கள நெனைக்கல. இப்போ தெனம் நெனைக்கிறேன்."

வாளியை வாங்கிக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டேன். காபி போட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

"உப்பு" என்றான். கொடுத்தேன்.

செப்டம்பர் 7, சனி

காலையில் சந்தை. குளிர்காலத்துக்கு வாட்டிவைக்கக் குடைமிளகாய் வாங்கும் நாள், ஊரே அங்கேதான். திஷோ கூடவே வந்தான். நான் அழைக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். எங்களுக்கு இரண்டு கடை தள்ளி காமெனும் அவன் மனைவியும், டிப்போக்காரர்கள் மூன்று பேரும். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள், பார்க்காததுபோல இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாக்கைப் பிடித்தேன்.

திஷோ குவியலிலிருந்து ஒரு மிளகாயை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பிறகு, இன்ஜின் சத்தத்தில் பேசிப் பழகிய அதே குரலில், டிப்போக்காரர்கள் என்ன, தலைநகர் சோஃபியாவுக்கே கேட்கும்படி:

"விலி! இது சிவப்பா, பச்சையா?"

கடைக்காரி தராசை நிறுத்திவிட்டாள்.

"சிவப்பு" என்றேன்.

சாக்கில் போட்டான். அடுத்ததை எடுத்து நீட்டினான். இருபது கிலோ வாங்கினோம். ஒவ்வொன்றாகக் கேட்டான், ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.