தாவீது அரசரின் கல்லறையில் பத்தாவது ஆள்

வெள்ளிக்கிழமை விருந்தில் எனக்கென்று தனியாக மிளகாய்த்தூள் எடுத்து வைக்கும் ரூத் மாமிக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம் மாமி. ஜெருசலேமிலிருந்து ஓக்லாந்து வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் சான்ட்ரிங்ஹாம் தமிழ்க் கடைக்காரரோடு நான் தமிழில் சண்டை பிடித்தால், பக்கத்தில் நின்று விஷயத்தை முழுக்கப் பிடித்துவிடுவீர்களே. இதையும் பிடித்துவிடுவீர்கள்.

தாவீது அரசரின் கல்லறையில் நின்று வழிபட வேண்டுமென்பது உங்கள் ஆசை. உடம்பு விடவில்லை. உங்கள் மகன் டேனியலோ, அரசர் அங்கே இல்லை, ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையில் உங்களோடு மல்லுக்கட்டுவார். நீங்கள் போனபின் அந்த வாய் அடைத்துவிட்டது. உங்கள் யூத வழக்கப்படி தாய்க்காக மகன் சொல்ல வேண்டிய கடிஷ் பிரார்த்தனையைக்கூட அவர் சொல்லவில்லை. அடக்கத்தன்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்து நின்றார்கள். இந்த மனுஷன் உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடுவாரோ என்று பயந்துதான் நான் டிக்கெட் போட்டேன்.

கல்லறை வாசலில் டேனியல், "நீ போயிட்டு வா. நான் பைகளோட நிக்கிறன்" என்றார். என்னிடமிருந்து தொற்றிய யாழ்ப்பாணத் தமிழ்தான், வேறென்ன.

நான் கோயில் நினைப்பில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். வெல்வெட் போர்த்திய பெரிய கல். வலம் வரலாமென்று பார்த்தால் பின்னால் சுவர், நடுவில் தடுப்பு. பெண்களுக்குப் பாதி, ஆண்களுக்குப் பாதி. எனக்குக் கிடைத்த பாதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அங்கிருந்த ஓர் அம்மா என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, தரை குளிரும், போட்டுக்கொண்டு வா என்று ஆங்கிலத்தில் விரட்டினார்.

சப்பாத்தை எடுக்க வெளியே வந்தால், ஒரு தாடிக்காரர் டேனியலின் கையைப் பிடித்திருக்கிறார். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். உள்ளே ஒன்பது பேர்தான்.

"எனக்கு நம்பிக்கையில்லை எண்டு இவருக்குச் சொல்லு."

"என்னட்ட ஏன் சொல்லுறியள்? அவருக்கு ஆள்தானே வேணும். போங்கோ."

போனார் மாமி. நான் வெறுங்காலோடு பெண்கள் பகுதிக்குத் திரும்ப ஓடினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதேதோ முணுமுணுப்பு. பிறகு ஒரு குரல் தனியாக எழுந்தது. திக்கியது, நின்றது. மறுபடி தொடங்கியது. கடிஷ். உங்கள் மகன். முன்பின் தெரியாத அந்த ஒன்பது பேரும் "ஆமேன்" என்றார்கள். நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது. அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் போய் வெகுநேரம் கழித்துத்தான் டேனியல் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"அரசர் அங்க இல்லை. அதில மாற்றமில்லை."

"பிறகென்ன இவ்வளவு நேரம்?"

"அம்மாவோட கதைச்சுக்கொண்டிருந்தனான்."

என்ன கதைத்தார் மாமி? எனக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களுக்காவது விளங்கியதா?

உங்கள் நினைவுநாளுக்கு இங்கேயும் பத்துப் பேரைச் சேர்த்துவிடுவேன். ஆள் குறைந்தால் தெருவில் நின்று கூப்பிடவும் எனக்கு வெட்கமில்லை. அவர் உங்களோடு கதைக்கட்டும்.

உங்கள் பிள்ளையை உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்த,
மருமகள் யாழினி