கோயில் முடக்கு வரை

1978 ஜூன் 5, திங்கள்

ஏழு மணிக்கும் வாசல் கேட் தெரியாத பனி. லோரன்ஸ் விளக்கைப் போடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். கூப்பிட்டு நிறுத்தினேன். ஐம்பத்தொரு வயது, தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். ஆனாலும் என் தம்பி. நான் வளர்த்த பிள்ளை.

“டைனமோ?”

“விடிஞ்சிருச்சிக்கா.”

“விடிஞ்சது எனக்குத் தெரியும். வர்ற லொறிக்கு நீ தெரிய வேணாமா?”

குனிந்து டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு ஏறினான். கிர்ரென்ற சத்தத்தோடு விளக்கு பற்றிக்கொண்டது. ரோடு வளைகிற கோயில் முடக்கில் திரும்பும்வரை பின்பக்கச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு வருடங்களுக்கு முன், ஹட்டன் பஸ்ஸில் முன் ஸீட்டில் இருந்து வந்தபோது கண்டுகொண்ட காரியம் இது. காலை பத்து மணி. பனிக்குள் வந்த சைக்கிள்காரனை முட்டுகிற அளவுக்கு நெருங்கும்வரை டிரைவர் காணவில்லை. டார்ச் பிடித்து வந்த ஒரு கிழவரையோ தூரத்திலேயே கண்டு பஸ்ஸை ஒதுக்கினார். விளக்கு நாம் வழி பார்க்க மட்டுமல்ல, பிறர் நம்மைப் பார்க்கவும்தான். இது இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஜூன் 9

பால் கொண்டுவந்த பேச்சியம்மா கேட்டாள்: “கிளாக்கரய்யா பகல்லயே பந்தம் புடிச்சிக்கிட்டுப் போறாரே, சூரியன் தொலஞ்சி போச்சாங்கம்மா?”

“ஆமா. கண்டா புடிச்சிக்கிட்டு வா” என்றேன். பால் செம்பு ஆட ஆடச் சிரித்தாள்.

மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களும் இப்படித்தான் கூப்பிட்டுச் சிரிக்கிறார்களாம். லோரன்ஸ் குறைப்படுகிறான். சிரிக்கட்டும்.

ஜூன் 21

லோரன்ஸை லொறி அடித்துவிட்டது. கால். உயிர் இருக்கிறது. மாதாவே.

ஜூன் 22

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

காலை ஏழேகாலுக்கு நடந்தது. கோயில் முடக்கைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்று அப்பால். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி. ஓட்டியவன் யேசுரட்ணம், நம் இசபெல்லின் மருமகன். லோரன்ஸுக்கு வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது.

பின்னேரம் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தார். சிங்களத்தில் கேட்டார், சிங்களத்திலேயே பதில் சொன்னேன். பனியில் சைக்கிளையே காணவில்லை என்று டிரைவர் சொல்கிறானாம். விளக்கு எரிந்ததா என்றார். எரிந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

ஊர் முழுக்கச் சிரித்த விளக்கு இன்றைக்குச் சாட்சியாகிவிட்டது.

ஜூன் 25, ஞாயிறு

பூசை முடிந்து இசபெல் என்னை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இந்தத் தோட்டத்தில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்த மருத்துவிச்சி. முப்பத்தாறு வருடச் சிநேகிதி. என் கணவர் சூசைரட்ணம் இறந்தபோது முப்பது நாள் என் வீட்டை விட்டுப் போகாதவள்.

“அக்கா, நான் அன்னைக்கு பஸ்ஸுக்கு நின்னேன். என்னையத் தாண்டித்தான் தம்பி போச்சி. லைட்டு எரியலக்கா.”

“பனியில ஒனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“கை நீட்டுனா தொடலாம். அவ்வளவு கிட்ட. எரியல.”

மருமகனைக் காப்பாற்ற! மாதாவின் முகத்துக்கு நேரே நின்று! “ஒன் வாயால இதக் கேக்குறதுக்கா இத்தன வருசம் ஒன்னோட பழகினேன்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 3

ஆஸ்பத்திரியில் லோரன்ஸிடம் இசபெல் சொன்னதைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நீ சொல்லுடா. எரிஞ்சதுதானே?”

“நீங்கதானேக்கா போட வச்சீங்க.”

போதும். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆகஸ்ட் 17

ஹட்டன் கோட்டில் வழக்கு. இசபெல்லும் நானும் ஒரே வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.

விளக்கு எரிந்தது என்றேன். ஊன்றுகோலோடு நின்ற லோரன்ஸும் எரிந்தது என்றான், நீதவான் இரண்டு முறை கேட்கும்படி அவ்வளவு மெதுவாக. இசபெல் எரியவில்லை என்றாள். “நீங்கள் டிரைவரின் மாமியார்தானே?” என்று பொலிஸ் தரப்பில் கேட்டதும் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தலை குனியவில்லை. அவர்கள் சிரித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

நவம்பர் 23க்குத் தவணை போட்டார்கள். யேசுரட்ணத்தின் லைசென்ஸ் அதுவரை பொலிஸில். தண்டனை வந்தால் மறியலில், சிறையில், போடுவார்களாம்.

பஸ்ஸில் ஏறும்போது இசபெல் கண்டக்டரிடம், “பெரிய டீச்சர் ஏறட்டும்” என்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அக்கா என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 8

மாதா பிறந்த திருநாள். இசபெல் வீட்டுப் பலகாரம் வரவில்லை. வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அக்டோபர் 16

லோரன்ஸ் இன்றிலிருந்து வேலைக்குப் போகிறான். சைக்கிள்தான் வேண்டும் என்கிறான். நடந்தால் கால் வலிக்கிறதாம். புது விளக்கு, புது டைனமோ. முடக்கு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 2, மரித்தோர் நாள்

ஆறரைக்கே கல்லறைக்குப் போனேன். முடக்கைத் தாண்டி ரோட்டோரமாக இருக்கிறது. என் கணவரின் சிலுவையைத் துடைத்து மெழுகுதிரி வைத்துவிட்டுக் கேட்டுக்கு வந்தேன். பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

டைனமோ சத்தம் கேட்டது. லோரன்ஸ் வருகிறான் என்று நின்றேன். முடக்கில் சத்தம் பெரிதாகி – நின்றது. சைக்கிள் நிற்கவில்லை. செயின் ஓடுகிறது, மட்கார்ட் ஆடுகிறது, டைனமோ சத்தம் மட்டும் இல்லை.

என் முன்னால் கடந்து போனான். முன்னாலும் வெளிச்சமில்லை, பின்னாலும் சிவப்பில்லை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, என்னைக் காணாமலே போனான்.

சைக்கிளை விட்டு இறங்காமல், ஓட்டம் குறையாமல், ஒரு தட்டில் டைனமோவை விலக்கியிருக்கிறான். ஒரு நாளில் வருகிற கைப்பழக்கமா அது?

நவம்பர் 3

இன்று விடியற்காலை, அவன் தேத்தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன்.

“எத்தன வருசமாடா?”

எதை என்று அவன் கேட்கவில்லை. “மொத நாள்ல இருந்துக்கா.”

“அந்த லொறி வந்த அன்னைக்கு?”

“அன்னைக்கும்தான். ஏத்தத்துல அது பிரேக் புடிச்ச மாதிரி இழுக்குது. அதோட மலையில பொம்பளைங்க எல்லாம் பந்தம் வருது, பந்தம் வருதுன்னு... முடக்கு வரைக்கும் ஒங்களுக்காகப் போட்டேன்.”

“கோட்டுல ஏன்டா எரிஞ்சதுன்னு சொன்ன?”

“எனக்கு நெனவு வர்றதுக்கு முந்தியே நீங்க பொலிசுக்குச் சொல்லிட்டீங்க. கண்ணால பாத்தேன்னு கையெழுத்தும் போட்டுட்டீங்க. அதுக்குப் பொறகு நான் என்ன சொல்றது? எங்கக்கா சொன்னது பொய்யின்னா?”

என்னைக் காப்பாற்றினானாம்!

ஏழு வருசம் வாசல்ல நின்னேனே. மழையில நின்னேன், காய்ச்சலோட நின்னேன். நீ திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு, போயிட்டான் பத்திரமான்னு உள்ள வருவேனே. நீ அந்தப் பக்கம் போயி என்னையத் தட்டி விட்டுட்டுப் போயிருக்கியேடா. இசபெல்ல நான் என்னென்ன சொன்னேன், நீ கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்த? ஒரு வார்த்த வரலையே ஒனக்கு?

தவணையில் மாற்றிச் சொல்லப் போகிறேன் என்றேன். பயந்துவிட்டான். “பொய்ச் சத்தியமின்னு ஒங்களயே உள்ள தள்ளிருவாங்க. என் வேலையும் போயிரும். சும்மா இருங்கக்கா, ஒங்களக் கும்புடுறேன்.”

எனக்கு அறுபத்தாறு வயது. மறியல் அறை எப்படி இருக்கும்? ஜெபமாலையை உள்ளே விடுவார்களா?

நவம்பர் 5, ஞாயிறு

இசபெல் வீட்டுக்குப் போனேன். போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க டீச்சர்.”

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். “நீ சொன்னதுதான் சரி. லைட்டு எரியல.”

“எனக்கு அன்னைக்கே தெரியுமே.” கத்தி நிற்கவில்லை. “எங்க மருமகன் ஸ்டியரிங் புடிச்சி அஞ்சி மாசமாச்சி. மம்பட்டியோட மலைக்குப் போறாரு. மாமியா சாட்சி எடுபடலையாடான்னு கூட வேல செய்றவங்க கிண்டல் பண்றாங்களாம்.”

“லோரன்ஸ் என்னைய ஏமாத்திட்டான், இசபெல்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “தம்பி ஒங்களுக்குப் பயந்து பொய் சொல்லுச்சி. நீங்க யாருக்குப் பயந்து சொன்னீங்க?”

“நான் பொய் சொல்லல. நம்புனதச் சொன்னேன்.”

“கோட்டுல கேட்டது நீங்க பாத்தத.”

திரும்பி நடந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளின் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் முழுதாக வெட்டியவள் நான். முடக்குக்கு அப்பால் நான் எதைப் பார்த்தேன்? இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 23

சொல்லிவிட்டேன்.

“ஆகஸ்டில் எரிந்தது என்றீர்களே?” என்றார் நீதவான்.

“கோயில் முடக்கு வரை எரிந்தது, ஐயா. அதற்கு அப்பால் நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னது பிழை.”

நல்ல கோபம் அவருக்கு. படித்தவர், பள்ளிக்கூடம் நடத்தியவர், சத்தியத்தின் பெறுமதி தெரியாதா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். உள்ளே தள்ளவில்லை. அந்தப் பேச்சைவிட மறியலே மேலாக இருந்திருக்கும்.

லோரன்ஸைக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது என்னைத் தேடிப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “எரியலங்க” என்றான். யேசுரட்ணத்தை விடுவித்தார்கள். லைசென்ஸைக் கையில் வாங்கும்போது அவன் அழுதான்.

திரும்பும் பஸ்ஸில் இசபெல்லுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அதன் மேல் தன் பையை வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையை மடிக்கு எடுத்தாள். உட்கார்ந்தேன். எங்கள் ஊர் பொகவந்தலாவை வரை பை அவள் மடியிலேயே இருந்தது. லோரன்ஸ் பின்னால் நின்றுகொண்டு வந்தான்.

நவம்பர் 24

கடும் பனி.

லோரன்ஸ் வாசலில் இருந்து கூப்பிட்டான். “அக்கா, லைட்டப் போட்டுட்டேன். வந்து பாருங்க.”

அடுப்படியில் இருந்தபடியே, “போயிட்டு வா” என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டான். பால் பொங்கவில்லை, கையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் நான் போகவில்லை.